கூப்பிய கைக்குள் ஓர் இடைவெளி

(பொதுமக்களுக்கான மாலைநேர அறிவியல் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவருக்கும், வேலை முடிந்த களைப்போடு வந்து அமர்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

இந்த வணக்கத்திலிருந்தே பேச்சைத் தொடங்கிவிடுகிறேன். என் பெரியப்பாவுக்குப் பித்தப்பையில் கல். ஆபரேஷனுக்கு முந்தைய நாள் மயக்க மருந்து டாக்டர் வந்தார், இளம்பெண். "ஐயா, ஒரு வணக்கம் வைங்க பார்ப்போம்" என்றார். பெரியப்பா ஊரில் நாலு பேர் எழுந்து நிற்கும் ஆள். நாமா முதலில் வைப்பது என்று ஒரு கணம் யோசித்துவிட்டுக் கைகூப்பினார். அந்தப் பெண் குனிந்து, பக்கவாட்டிலிருந்து கையைப் பார்த்தார். விரல் நுனிகள் தொட்டன. உள்ளங்கையின் அடியும் தொட்டது. நடுவில் மட்டும் ஒட்டவில்லை. விரல்கள் வில் மாதிரி வளைந்து நின்றன. "இன்னும் கொஞ்சம் அழுத்துங்க." அழுத்தினார். ஒட்டவில்லை. வலிக்கவும் இல்லை. "சுகர் எத்தனை வருஷமா இருக்கு?" "இருபத்திரண்டு வருஷம்மா." எதையோ எழுதிக்கொண்டு போய்விட்டார். "டாக்டருக்குப் படிச்ச பொண்ணு, மரியாதை எதிர்பார்க்குது" என்று பெரியப்பா அன்று மாலை வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த டாக்டர் பார்த்தது மரியாதையை இல்லை. மயக்கம் கொடுத்த பிறகு மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்த வேண்டும். அதற்குக் கழுத்து பின்னால் வளைய வேண்டும், தாடை நன்றாகத் திறக்க வேண்டும். நீண்ட நாள் சர்க்கரை நோயில் கைவிரல் மூட்டுகள் இறுகியிருந்தால் கழுத்தும் தாடையும் இறுகியிருக்க வாய்ப்பு உண்டு. அந்த இடைவெளி அவருக்கு ஓர் எச்சரிக்கை.

எனக்குள் அது வேறொரு கேள்வியை எழுப்பியது. சர்க்கரை ரத்தத்தில் ஓடுகிற பொருள். அது எப்படி விரலை இறுக்கும்? வளர்சிதை மாற்றம் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்தோமே, உணவு ஆற்றலாகிற கணக்கு, அதற்கும் உடம்பின் இறுக்கம், நெகிழ்வு என்கிற இந்தப் பௌதிகத்துக்கும் என்ன உறவு? இன்று உலகின் பல ஆய்வுக்கூடங்களில் இதுதான் கேள்வி. கிடைத்திருக்கும் விடையை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன்: இறுக்கத்தை நாம் நோய் விட்டுப்போன தடயம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம், பல நோய்களில் அது நோயை நடத்தும் கூட்டாளி.

முதலில் கொலாஜன். நம் உடம்பிலுள்ள புரதத்தில் மூன்றில் ஒரு பங்கை நெருங்கும் அளவு இதுதான். தோல், தசைநாண், எலும்பு, ரத்தக்குழாய்ச் சுவர், எல்லாவற்றுக்கும் இதுவே கயிறு. கயிறு என்பது உவமைக்காகச் சொன்னதல்ல. மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்ட புரி அது. அந்த முப்புரி வடிவத்தைக் கண்டுசொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும்; ஆண்டு 1954. அவர்கள் எக்ஸ்-கதிரில் வைத்துப் பார்த்த மாதிரிகளில் கங்காரு வாலின் தசைநாணும் ஒன்று. அது பக்கத்திலேயே இருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கிடைத்தது என்று சொல்வார்கள். கொலாஜனைத் தேடித் தோல் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனது பொருத்தம்தான். ஏனென்றால் தோல் பதனிடுதல் என்பதே கொலாஜன் வேலை.

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் இருந்து யாராவது வந்திருந்தால் நான் சொல்வதைச் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். பச்சைத் தோல் ஈரமாக, துவண்டு கிடக்கும்; விட்டால் அழுகிவிடும். அதை ஆவாரம்பட்டை ஊறிய தொட்டியில் போடுவார்கள். பட்டையிலுள்ள துவர்ப்புப் பொருள் கொலாஜன் இழைகளுக்கு நடுவே புகுந்து, ஓர் இழையை அடுத்த இழையோடு கட்டிப்போடும். குரோமியம் வந்த பிறகு பொருள் மாறியது. கட்டிப்போடுகிற வேலை மாறவில்லை. இழைகள் தனித்தனியாக நழுவ முடியாமல் போனதும் அது செருப்பாகத் தைக்கக்கூடிய தோல் ஆகிறது.

சர்க்கரையும் உடம்புக்குள் இதைப் போன்ற ஒரு வேலையைச் செய்கிறது. தோசைக் கல்லில் மாவு பொன்னிறமாகச் சிவக்கிறதே, அங்கே சர்க்கரையும் புரதமும் சூட்டில் சேர்ந்து புதுப்புதுப் பொருள்களாகின்றன. 1912இல் பிரெஞ்சு வேதியியலாளர் மயார் இதை விவரித்தார். உடம்பின் 37 டிகிரியில் அதே வினை மிக மிக மெதுவாக நடக்கிறது. நீங்கள் 'மூணு மாச சுகர்' என்று ஒரு பரிசோதனை செய்துகொள்கிறீர்கள் அல்லவா, அது ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொண்ட சர்க்கரையின் கணக்கு. சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்ந்து மடிகிறது. ஒட்டியதும் அதோடு போய்விடும். கொலாஜனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. தோலிலுள்ள கொலாஜனில் பாதி மாறுவதற்குச் சுமார் 15 ஆண்டு ஆகும் என்றும், குருத்தெலும்பில் 100 ஆண்டுக்கும் மேல் ஆகும் என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள். அதாவது குருத்தெலும்பில் கிட்டத்தட்ட பிறந்ததிலிருந்து இருக்கிற கயிறே கடைசிவரை. அதில் ஒட்டிய சர்க்கரை அங்கேயே கிடந்து, உருமாறி, பக்கத்துக் கயிற்றையும் பிடித்துக்கொள்கிறது. பெரியப்பாவின் விரல்கள் இருபத்திரண்டு ஆண்டுகளாக மெல்லப் பதனிடப்பட்டிருக்கின்றன.

இதுவரை சொன்னது ஒரு திசை: வளர்சிதை மாற்றம் கெட்டால் திசு இறுகும். மறுதிசையும் உண்டு. அதற்கு அமெரிக்காவின் கலிபோர்னியாவுக்குப் போக வேண்டும்.

மினா பிஸ்ஸல், ஈரானில் பிறந்தவர், பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர். 1984இல் அவரும் டேவிட் டோல்பர்க்கும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கோழிக்குப் புற்றுக்கட்டி உண்டாக்கும் வைரஸ் ஒன்று இருக்கிறது. 1911இல் பெய்ட்டன் ரௌஸ் கண்டது. அதைக் கோழிக் கருவுக்குள் செலுத்தினார்கள். வைரஸ் உள்ளே போனது, தன் வேலையையும் செய்தது. கட்டி வரவில்லை. அதே செல்களைக் கருவிலிருந்து பிரித்தெடுத்துக் கண்ணாடித் தட்டில் வளர்த்தபோது அவை புற்றுச் செல்களாக மாறின. செல் அதேதான், வைரஸும் அதேதான், இருந்த இடம்தான் வேறு. மரபணுவில் கோளாறு வந்தால் புற்று வந்தே தீரும் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த காலத்தில், 'சுற்றுப்புறத்தைக் கேளுங்கள்' என்றார் பிஸ்ஸல். பல ஆண்டுகள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவரிடம் ஆய்வுப் பயிற்சிக்கு வந்தவர் வேலரி வீவர். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட ஆய்வாளர் முக்கியமாக இவர்தான். 1997இல் இவர்கள் மனித மார்பகப் புற்றுச் செல்களை மென்மையான ஜெல்லுக்குள் வளர்த்து, செல் தன் சுற்றுப்புறத்தைப் பற்றிக்கொள்ளும் ஒரு புரதப் பிடியை, இன்டெக்ரின் என்று பெயர், எதிர்ப்புரதம் கொண்டு தடுத்தார்கள். தாறுமாறாகக் குவிந்து வளர்ந்த செல்கள் ஒழுங்காகி, நடுவே குழிவுள்ள சிறு உருண்டைகளாக, ஆரோக்கியமான பால்சுரப்பி போல நின்றன. மரபணுக் கோளாறுகள் அத்தனையும் உள்ளே அப்படியே இருந்தன. நடத்தை மட்டும் திருந்தியது.

பிடியைத் தளர்த்தினால் செல் திருந்துகிறது என்றால், அந்தப் பிடி உணர்வது எதை? வீவர் குழு 2005இல் ஒரு பதில் கொடுத்தது. எலியின் இயல்பான பால்சுரப்பித் திசுவின் விறைப்பை அளந்தார்கள்: சுமார் 170 பாஸ்கல். கட்டியின் விறைப்பு: சுமார் 4,000 பாஸ்கல். இருபது மடங்குக்கு மேல். பிறகு நல்ல செல்களையே எடுத்து, வேறுவேறு விறைப்புள்ள ஜெல்களில் வளர்த்தார்கள். மென்மையான ஜெல்லில் ஒழுங்கான உருண்டைகள் வந்தன. ஜெல் இறுக இறுக உருண்டைக்குள் குழிவு மறைந்தது, செல்கள் பெருகின, வரம்பு கலைந்தது. இறுக்கம் மட்டுமே கூடியிருந்தது. செல்கள் புற்றை நோக்கி ஓரடி எடுத்து வைத்தன. 2009இல் அடுத்த படி. கொலாஜன் இழைகளைக் குறுக்கே கட்டுகிற ஒரு நொதி கட்டிக்குள் அதிகமாக இருக்கிறது. ஆவாரம்பட்டை செய்கிற வேலையை அங்கே அது செய்கிறது. எலிகளில் அந்த நொதியைத் தடுத்தபோது திசு இளகியது, கட்டிகள் குறைந்தன.

மார்பில் கட்டியைக் கையால்தான் பெண்கள் முதலில் கண்டுகொள்கிறார்கள். "கெட்டியா ஏதோ தட்டுப்படுது" என்பதுதான் டாக்டரிடம் அவர்கள் சொல்லும் முதல் வாக்கியம். அந்தக் 'கெட்டி' கட்டியின் அடையாளம் என்றே மருத்துவம் எடுத்துக்கொண்டது. அந்தக் கெட்டித்தன்மையே பக்கத்துச் செல்லுக்கு 'பெருகு' என்று கட்டளையிடுகிறது என்பது வீவர் போன்றவர்கள் சேர்த்த செய்தி.

செல்லுக்குக் கையில்லை, எப்படித் தொட்டுப் பார்க்கிறது? இழுத்துப் பார்க்கிறது. தேர் இழுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். சேற்றில் நின்று வடம் பிடிக்க முடியாது, கால் வழுக்கும். கெட்டி நிலத்தில் ஊன்றினால்தான் வடம் விறைக்கும். செல்லுக்குள்ளும் ஆக்டின் என்கிற புரத வடங்கள் உண்டு. வெளியே பிடிமானம் கெட்டியாக இருந்தால் வடங்கள் தடித்து இழுபடும்; இளகிய இடத்தில் தொய்ந்துவிடும். 2006இல் ஆடம் எங்லரும் டென்னிஸ் டிஷரும் காட்டியது இன்னும் வியப்பு. எலும்பு மஜ்ஜையின் ஒரே வகைத் தண்டுச் செல்லை மூளையளவு மென்மையில், ஒரு கிலோபாஸ்கலுக்கும் கீழே, வைத்தபோது நரம்புச் செல் சாயலும், தசையளவு இறுக்கத்தில் தசைச் சாயலும், இன்னும் இறுகிய பரப்பில் எலும்புச் சாயலும் கொண்டது. 2011இல் இத்தாலியின் படுவா நகரத்து ஸ்டெஃபானோ பிக்கோலோ குழு, வடத்தின் இழுவிசைச் செய்தியை மரபணு வரை கொண்டுபோகும் தூதர்களை அடையாளம் கண்டது: யாப், டாஸ் என்ற இரண்டு புரதங்கள். இறுக்கத்தில் இவை செல்லின் உட்கருவுக்குள் போகும். இளக்கத்தில் வெளியே நிற்கும்.

இங்கே ஒரு வேடிக்கை. ஆய்வுக்கூடங்களில் வழக்கமாக நாம் செல் வளர்க்கிற பிளாஸ்டிக் தட்டு, மென்திசுவைப் போலப் பத்து லட்சம் மடங்கு வரை விறைப்பானது. எத்தனையோ ஆண்டுகளாகச் செல்லைக் கருங்கல் தரையில் படுக்கவைத்து, "தூக்கம் எப்படி?" என்று கேட்டிருக்கிறோம்.

வடம் இழுப்பவர்களுக்குச் சோறு வேண்டுமே, அதற்கு வருகிறேன். 1920களில் பெர்லினில் ஓட்டோ வார்பர்க் கவனித்தார்: ஆக்சிஜன் தாராளமாக இருக்கும்போதும் புற்றுச் செல்கள் சர்க்கரையை அவசர அவசரமாகப் பாதி எரித்து லாக்டிக் அமிலமாகத் தள்ளுகின்றன. இந்தச் சர்க்கரைப் பசியை வைத்துத்தான் இன்று பெட் ஸ்கேனில் கட்டி ஒளிர்கிறது. ஏன் இந்தப் பசி என்பதற்குப் பல விளக்கங்கள் வந்தன. இறுக்கம் அந்தப் பட்டியலில் வெகுநாள் இல்லை. 2020இல் அமெரிக்காவின் டெக்சாஸில் காடென்ஸ் டானுசர் குழு அதைச் சேர்த்தது.

அவர்கள் மனித மூச்சுக்குழாய்ச் செல்களை விறைப்பான பரப்பிலிருந்து மென்மையான பரப்புக்கு மாற்றினார்கள். சர்க்கரை எரிப்பு குறைந்தது. ஏன்? சர்க்கரை எரிக்கும் வரிசையில் பாஸ்போஃப்ரக்டோகைனேஸ் என்றொரு நொதி உண்டு. அடுப்பின் வால்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வால்வைக் கழற்றிப்போடும் ஆள் ஒருவர் செல்லுக்குள் இருக்கிறார். டிரிம்-21 என்று பெயர். வடங்கள் விறைத்திருக்கும்போது அவர் வடத்தோடு கட்டுண்டு கிடப்பார். வடம் தொய்ந்ததும் அவிழ்ந்து வந்து வால்வைக் கழற்றிவிடுவார், அடுப்பு தணியும். தேர் நிலைக்கு வந்ததும் சமையலறையைப் பூட்டுவது போல எவ்வளவு சிக்கனமான ஏற்பாடு! புற்றுச் செல்களில்தான் இந்த ஏற்பாடு முறிகிறது. மென்மையான பரப்பிலும் அவை சில வடங்களை விறைப்பாகவே வைத்துக்கொள்கின்றன. பூட்டுகிறவர் அவிழ்வதே இல்லை. அடுப்பு அணைவதும் இல்லை.

நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் ஏறும் நோயிலும் இதே கதையை பிட்ஸ்பர்க்கின் ஸ்டீபன் சான், தாமஸ் பெர்ட்டெரோ ஆகியோரின் குழு 2016இல் காட்டியது. குழாய்ச் சுவர் இறுகுகிறது. யாப், டாஸ் தூதர்கள் உள்ளே போகிறார்கள். குளூட்டமின் என்கிற அமினோ அமிலத்தை எரிக்கும் நொதி கூடுகிறது. அந்த ஆற்றலில் செல்கள் பெருகுகின்றன. சுவர் இன்னும் இறுகுகிறது. தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டோம், ஒரு சுற்று இறுக்கம் கூடுதலாக. சர்க்கரை திசுவை இறுக்குவதும், இறுக்கம் செல்லின் பசியைக் கூட்டுவதும் ஆகிய இரண்டு திசைகளும் இப்படித்தான் சக்கரமாகின்றன.

நமக்கு நெருக்கமான உறுப்பு கல்லீரல். 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி, சென்னையிலிருந்து நடத்தப்பட்ட ஆய்வு அது. அவர்களில் பலருக்குக் கல்லீரலில் கொழுப்பும் இருக்கும். 'ஃபேட்டி லிவர், கிரேடு ஒன்' என்று ஸ்கேன் ரிப்போர்ட்டில் வருவதை வீட்டுக்கு வீடு பார்க்கிறோம். கொழுப்பு, வீக்கம், தழும்பு, இறுக்கம், கடைசியில் சிரோசிஸ், அதன் பிறகு புற்று: இதுதான் நாம் அறிந்த படிவரிசை. ஆனால் சர்க்கரை நோயாளிகளில் சிலருக்கு சிரோசிஸ் வருவதற்கு முன்பே கல்லீரல் புற்று வருகிறது. இது மருத்துவர்களைக் குழப்பியது. 2024இல் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த நடாலி டோரோக் குழு ஒரு விளக்கம் தந்தது. சர்க்கரை ஒட்டி உருமாறிய பொருள்கள் கல்லீரலின் கொலாஜன் வலையைக் குட்டையாக, இணைப்புக் குறைந்ததாக ஆக்குகின்றன. விறைப்பு அளவில் பெரிய மாற்றமில்லை, வேறொன்று மாறுகிறது. ரப்பரை இழுத்து விட்டால் பழையபடி திரும்பும். பிசைந்த மாவை இழுத்தால் இழுத்தபடி நிற்கும். திசுவுக்குள் இந்த மாவுத்தன்மை கூடுகிறது. அப்படிப்பட்ட இடத்தில் செல்கள் சுலபமாக வழி கண்டு பரவுகின்றன. அதே யாப் தூதர் அங்கேயும் வேலை செய்கிறார். ஆகவே, 'இறுகினால் கெடுதல், இளகினால் நல்லது' என்று சூத்திரம் எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட முடியாது.

மருந்துக் கதையும் அதையே சொல்கிறது. கொலாஜனைக் கட்டும் நொதிக் குடும்பத்தில் ஒன்றைத் தடுக்க சிம்டுசுமாப் என்ற எதிர்ப்புரத மருந்தைச் செய்தார்கள். கல்லீரல் தழும்புக்கும் கணையப் புற்றுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் இல்லை. 2014இல் கணையப் புற்றுள்ள எலிகளில், கட்டியைச் சுற்றித் தழும்பு நெய்யும் செல்களையே அழித்துப் பார்த்தார்கள். கட்டி அடங்கவில்லை, மூர்க்கமாகி எலிகள் சீக்கிரம் இறந்தன. சுற்றி நின்ற மதில் ஒரு பக்கம் கட்டிக்குத் துணை, இன்னொரு பக்கம் அதற்குச் சிறை. எந்தச் செங்கல் துணை, எது சிறை என்று பிரித்தறிவதுதான் இப்போது ஆய்வாளர்கள் முன் கிடக்கும் வேலை.

அப்படியானால் நமக்கு இன்று கையில் என்ன இருக்கிறது? ஒன்று, அளவுகோல். ஃபைப்ரோஸ்கேன் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். மூன்று மணி நேரம் சாப்பிடாமல் போய் வலது கையைத் தலைக்கு மேல் தூக்கிப் படுத்தால், விலா எலும்புகளுக்கு நடுவில் ஒரு கருவியை வைத்து 'டக்' என்று தட்டுவார்கள். வலிக்காது, யாரோ விரலால் சுண்டியது போல இருக்கும். அந்தத் தட்டின் அலை கல்லீரலுக்குள் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று கருவி பார்க்கும். இறுகிய கல்லீரலில் அலை விரைவாக ஓடும். பத்து முறை தட்டி, கிலோபாஸ்கலில் ஓர் எண் வரும். ஐந்து, ஆறு என்றால் பெரும்பாலும் கவலை இல்லை. பன்னிரண்டு, பதினான்கைத் தாண்டினால் டாக்டரின் முகம் மாறும். வயிற்றில் விரலை வைத்துக் கல்லீரலின் விளிம்பைத் தடவிப் பார்த்த பழைய வைத்தியரின் கைக்கு எண் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

இரண்டு, அந்த எண் கீழே இறங்கக்கூடியது. 2015இல் கியூபாவிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. கொழுப்புக் கல்லீரல் வீக்கம் உள்ள 293 பேர், ஓராண்டு, உணவிலும் நடையிலும் மாற்றம் மட்டுமே. தொடக்கத்திலும் முடிவிலும் கல்லீரலில் ஊசிகுத்தித் திசு எடுத்துப் பார்த்தார்கள். எடையில் பத்து விழுக்காடோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 45 விழுக்காட்டினருக்குத் தழும்பே பின்வாங்கியிருந்தது. எண்பது கிலோ ஆள் எட்டுக் கிலோ. சொல்வது சுலபம், அந்த ஆய்விலும் அந்த அளவு குறைத்தவர்கள் பத்துப் பேரில் ஒருவர்தான். ஆனாலும் கட்டிப்போட்ட கயிறு அவிழக்கூடியது என்பதற்குக் கண்ணெதிரே சாட்சி கிடைத்துவிட்டது. கல்லீரல் தன் கொலாஜனைக் கரைத்துப் புதிதாக நெய்யத் தெரிந்த உறுப்பு. விரல் மூட்டுக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு.

பெரியப்பாவுக்கு ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. அந்த இளம் டாக்டர் முன்னெச்சரிக்கையாக வேறு கருவியை எடுத்து வைத்திருந்ததால் குழாய் ஏறுவதில் சிக்கல் வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு பெரியப்பாவின் கல்லீரலையும் பார்த்தோம். எண் ஒன்பதில் நின்றது. இப்போது காலையில் நடக்கிறார், இரவு இட்லி இரண்டோடு நிறுத்திக்கொள்கிறார். போன வருடம் எடுத்ததில் ஏழு. கையை மட்டும் அவ்வப்போது கூப்பிப் பார்த்துக்கொள்கிறார். இடைவெளி அப்படியேதான் இருக்கிறது.

நான் இப்போது உங்களுக்குக் கைகூப்பப்போகிறேன். நீங்களும் கூப்புவீர்கள். சர்க்கரை இருக்கிறவர்கள் அப்போது ஒரு நொடி பக்கவாட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். இடைவெளி தெரிந்தால் பயப்பட வேண்டாம்; அதற்கு வேறு காரணங்களும் உண்டு. அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது, கையைக் காட்டிவிட்டு, கல்லீரலையும் ஒருமுறை பார்த்துவிடலாமா என்று கேளுங்கள்.

வணக்கம்.